ட்ரோன் ரா படங்களில் லென்ஸ் வளைவு: கேள்வி பதில்

ஜேபெக்கில் அடிவானம் நேராக இருக்கிறது. அதே ஷாட்டின் டி.என்.ஜி.யை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலை) வேறொரு மென்பொருளில் திறந்தால் வளைந்து, மூலைகளும் இருண்டிருக்கின்றன. லென்ஸ் பழுதா?

பழுதில்லை. சின்ன அகலக்கோண லென்ஸில் பீப்பாய் வளைவு (நேர்கோடுகள் பீப்பாயின் பக்கம் போல வெளிப்புறம் புடைப்பது) இருக்கத்தான் செய்யும். ஜேபெக்கில் ட்ரோனே அதை நிமிர்த்திவிடுகிறது. டி.என்.ஜி.யில் பிக்சல்களைத் தொடாமல், எப்படி நிமிர்த்துவது என்ற எண்களை மட்டும் எழுதி வைக்கிறது. 2009-ல் டி.என்.ஜி. 1.3-ல் வந்த ‘வார்ப் ரெக்டிலீனியர்’ கட்டளை இதற்கானதுதான். அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் அதைத் தானாகப் படித்துவிடும். படிக்காத மென்பொருளில் லென்ஸ் தந்தது அப்படியே தெரியும்.

லைட்ரூமில் டிஃப் (TIFF) படமாக்கி, இன்னொரு மென்பொருளில் லென்ஸ் ப்ரொஃபைல் (அந்த லென்ஸுக்கான திருத்த எண்கள்) போட்டேன். இப்போது எதிர்ப்பக்கம் வளைகிறது.

இரண்டு முறை திருத்தியிருக்கிறீர்கள். இரண்டாவதாகப் போட்ட ப்ரொஃபைலை நீக்கிவிடுங்கள். சோதிக்கும்போது அடிவானத்தை ஃப்ரேமின் நடுவில் வைக்காதீர்கள்; மையம் வழியே போகும் கோடு எப்போதும் நேராகவே தெரியும். மேல் கால்பகுதியில் வையுங்கள். நடு மேலே புடைத்தால் திருத்தம் போதவில்லை, நடு கீழே தொய்ந்தால் அதிகமாகிவிட்டது.

மேப்பிங்குக்கு ரா எடுக்கிறேன். நிமிர்த்திவிட்டு, படங்களை இணைத்து வரைபடமாக்கும் மேட்டாஷேப்பில் கொடுக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து. மேட்டாஷேப், அதே வேலை செய்யும் பிக்ஸ்4டி இரண்டும் குவியத் தூரம், மையப்புள்ளி, லென்ஸ் வளைவைக் குறிக்கும் கே1, கே2, கே3, பி1, பி2 என்ற கெழுக்கள் எல்லாவற்றையும் படங்களிலிருந்தே கணக்கிடுகின்றன. முன்கூட்டியே நிமிர்த்தி, ஓரம் வெட்டிக் கொடுத்தால் மையப்புள்ளி நகர்ந்திருக்கும். அரைகுறை வளைவு மிச்சமிருக்கும். அந்தப் பிழை உயரத்தில்தான் வந்து விடியும்: சமதரை கவிழ்த்த கிண்ணம் போல நடுவில் உப்பும்.

டி.என்.ஜி.க்குள் ட்ரோன் எழுதி வைத்த ப்ரொஃபைலை லைட்ரூமில் அணைக்க வழியில்லை. அதனால் ரா தெரபி அல்லது டார்க்டேபிள் என்ற ரா மென்பொருளில் லென்ஸ் திருத்தம், கிராப், பெர்ஸ்பெக்டிவ் மூன்றையும் அணைத்து, எல்லாப் படங்களுக்கும் ஒரே வொயிட் பேலன்ஸ் வைத்து 16 பிட் டிஃப்பாக எடுங்கள். ஜி.பி.எஸ். தகவல் ஃபைலில் ஏறியிருக்கிறதா, எல்லாப் படத்திலும் பிக்சல் அளவு ஒன்றுதானா என்று பாருங்கள். நேர்க்கீழ் பார்வைப் படங்கள் மட்டும் இருந்தால், சரியான ஃபைல்களிலும் உப்பல் வரலாம். சாய்கோணப் படங்களும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் (இடமும் உயரமும் அளந்து தரையில் வைத்த குறிகள்) அதைக் கட்டுப்படுத்தும்.

என் ட்ரோனுக்கு எங்குமே ப்ரொஃபைல் இல்லை.

சாதாரணப் படங்களுக்கு டிஸ்டார்ஷன் ஸ்லைடரை ஒருமுறை சரிபார்த்து ப்ரீசெட்டாகச் சேமித்தால் போதும், லென்ஸ் மாறாதே. ஓரத்தில் மட்டும் கோடு திரும்ப நெளிந்தால் ஒற்றை ஸ்லைடருக்கு அது அடங்காது. சதுரங்கக் கட்டம் அச்சிட்டு, பல கோணங்களில் 15–20 படங்கள் எடுத்து ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகத்தில் வளைவுக் கெழுக்களைக் கணக்கிடுங்கள். கட்டம் மூலைகள்வரை வர வேண்டும். தாளைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தால் ஃபோகஸ் வேறாகி, வானிலிருந்து எடுத்த படத்துக்கு எண்கள் பொருந்தாது. பெரிய பலகை, தள்ளி வைத்து.

கட்டடங்கள் சாய்ந்து நிற்கின்றன. எந்த ஸ்லைடருக்கும் மசியவில்லை.

கோடுகள் நேராக இருந்து சாய்வாக மட்டும் தெரிந்தால் அது லென்ஸ் வேலை இல்லை, கிம்பல் (கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி) கீழே பார்த்ததால் வந்த பெர்ஸ்பெக்டிவ். முதலில் லென்ஸ் திருத்தம், பிறகு வெர்ட்டிகல் திருத்தம். அடுத்த முறை கிம்பலை 0 டிகிரியில், அதாவது நேர் கிடைமட்டமாக வைத்து எடுங்கள்.

திருத்திய பின் மூலைகள் மங்கலாகவும் நாய்ஸாகவும் இருக்கின்றனவே?

நிமிர்த்தும்போது மூலைப் பிக்சல்கள் இழுபடுகின்றன. இருட்டைத் தூக்கும்போது நாய்ஸும் கூடவே எழும்பும். முக்கியமானதை மூலையில் வைக்காமல், ஓரத்தில் வெட்டுக்கு இடம் விட்டு ஃப்ரேம் செய்யுங்கள்.