83 மடங்கு ஜூம் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் தம்பியும் எண்ணூர், பழவேற்காடு, பூண்டி என்று கிளம்பிவிடுவோம். போனில் எடுத்தால் பூநாரை எல்லாம் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழுகிறது. 35 ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 83 மடங்கு ஜூம் உள்ள கேமராதான் வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். மலையேறும்போது தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டுமே! எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி

பதில்: தம்பி சொல்வது நிக்கான் பி900 அல்லது அதற்கு அடுத்து வந்த பி950 ஆக இருக்கும். லென்ஸைக் கழற்ற முடியாத, பிரிட்ஜ் கேமரா என்கிற வகை. 2000 மி.மீ. வரை எட்டும் (இந்த எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), நிலாவில் இருக்கும் பள்ளங்கள்கூடத் தெரியும். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் தம்பி மயங்கியிருப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பி950 புதிதாக வாங்க உங்கள் பணம் போதாது. எடையும் ஒரு கிலோ.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வெளிச்சம்தான். அந்த கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. நிக்கானின் சாதாரண டிஎஸ்எல்ஆரில், அதாவது லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராவில் உள்ள சென்சார் அதைப்போல 13 மடங்கு பரப்பு. வெயில் நன்றாக இருக்கும்வரை வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. காலை ஆறு மணிக்கு, அல்லது பூண்டி பக்கத்தில் குடியம் குகைக்குப் போகிற காட்டு நிழலில், ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றியே ஆக வேண்டும். அப்போது சின்ன சென்சாரில் இறகெல்லாம் குழைந்துபோய்விடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ அந்த நேரத்தில்தான்.

சரி, நல்ல வெயில் வந்தபிறகு 2000 மி.மீ. உதவுமே என்று தம்பி கேட்பான். எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேலே கானல் நெளிய ஆரம்பிக்கும். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையை எவ்வளவு இழுத்தாலும் அந்த நெளிவும் சேர்ந்துதான் பெரிதாகும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் என் யோசனை, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர். நிக்கான் டி5600 அல்லது டி3500, கூடவே 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் (ஏஎஃப்-பி என்பது நிக்கானின் ஒருவகை ஃபோகஸ் மோட்டார்). இரண்டு லென்ஸோடு கிட்டாக விற்றவை இவை; பழையதாக உங்கள் பணத்துக்குள் தேடலாம். டி5600 பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, 465 கிராம், லென்ஸ் 415 கிராம், மொத்தம் 880. மலையேற இது தாங்கும். இந்தச் சென்சாரில் 300 என்பது 450 மி.மீ. அளவுக்கு எட்டும். கேனான்தான் கிடைக்கிறது என்றால் 200டி பாடியும் 55-250 எஸ்டிஎம் லென்ஸும் பாருங்கள். லென்ஸில் எஸ்டிஎம் என்று எழுதியிருக்க வேண்டும்; அது கேனானின் ஃபோகஸ் மோட்டார் வகை. அதற்கு முந்தைய 55-250 ஃபோகஸ் பிடிப்பதற்குள் மீன்கொத்தி மீனைத் தின்று முடித்துவிடும்.

நிக்கான் லென்ஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 70-300 ஏஎஃப்-பி இரண்டு வகையாக வந்தது. ஒன்றில் விஆர், அதாவது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு; மற்றதில் கிடையாது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பெயரில் விஆர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று டி3100, டி3200, டி5100 பாடி எதையும் வாங்கிவிடாதீர்கள். இந்த லென்ஸ் அவற்றில் ஃபோகஸே ஆகாது.

வாங்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். 300இல் வைத்து எதிரே உள்ள கடைப் பலகையை நாலு படம் எடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். நிக்கான் படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் விவரத்தில் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பது பதிவாகியிருக்கும். இந்த இரண்டு மாடலிலும் ஷட்டரை ஒரு லட்சம் முறைக்குச் சோதித்திருக்கிறார்கள். 20, 30 ஆயிரத்துக்குள் ஓடியதாக இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். பிறகு லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கோடு தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது சகஜம், அதற்காக நாம் வாங்க வேண்டும் என்றில்லை. பர்மா பஜாரோ தெரிந்தவரோ, யாரிடம் வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பழக வெகுதூரம் போகவேண்டாம். காசிமேட்டில் காலையில் மீன் கழிவுக்கு வட்டமிடும் செம்பருந்துகள் போதும். எஸ் மோடில் (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது) 1/2000 நொடி, ஃபோகஸ் ஏஎஃப்-சி (நகரும் பறவையை விடாமல் பின்தொடர்வது), ஐஎஸ்ஓ ஆட்டோ வைத்து, பறக்கிற திசையிலேயே கேமராவையும் நகர்த்திப் பழகுங்கள். ஆரம்பத்தில் வால்தான் விழும், விடுங்கள். எண்ணூர் பக்கம் போகும்போது துறைமுகத்தையோ அனல் மின் நிலையத்தையோ நோக்கி லென்ஸை நீட்டாதீர்கள். பறவைக்காகத்தான் வந்தோம் என்று காவலாளியை நம்பவைப்பதற்குள் பொழுது போய்விடும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் லேசாக ஈரமான துணியால் பாடியைத் துடையுங்கள். உப்பு அப்படியே விட்டால் அரித்துவிடும். பீரோவில் வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இந்த கேமராக்கள் மழை தாங்காதவை, அதனால் பையில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவர் எப்போதும் இருக்கட்டும்.

தம்பிக்காக இன்னொன்று. அழகான படமெல்லாம் வேண்டாம், தூரத்தில் இருப்பது என்ன பறவை என்று கண்டுபிடித்துப் பட்டியல் போட்டால் போதும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அவன் சொல்வதே சரி. அப்போதும் பி900 வேண்டாம், அதில் ரா ஃபைல், அதாவது பிறகு கணினியில் நன்றாகத் திருத்த உதவும் படக்கோப்பு, எடுக்க முடியாது. பழைய கேனான் எஸ்எக்ஸ்70 கிடைக்கிறதா என்று பாருங்கள்: 1365 மி.மீ. எட்டும், எடை 610 கிராம்தான், ராவும் உண்டு. பணம் மிஞ்சினால் முதலில் இன்னொரு பேட்டரி வாங்குங்கள், ட்ரைபாட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.