தேவாங்கின் பங்காளிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒல்லியாக இருப்பவர்களை ‘தேவாங்கு’ என்று கேலி செய்கிறார்கள். எங்கள் ஊர்க் கரடுகளில் இரவில் தென்படும் தேவாங்கு குரங்கு இனத்தைச் சேர்ந்ததா? (வாசகர், அய்யலூர்)

பதில்: தேவாங்கு குரங்கு அன்று. ஆயினும் குரங்குகளும் மனிதர்களும் அடங்கிய ‘முதனிகள்’ என்னும் பெரும் வரிசையில் அதற்கும் இடம் உண்டு. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இவ்வரிசை இரண்டு கிளைகளாகப் பிரிந்துவிட்டது. குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், தார்சியர் என்னும் பெருங்கண் சிறு விலங்குகள், மனிதர்கள் ஆகியோர் ஒரு கிளையினர். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவின் லெமூர்களும், ஆப்பிரிக்காவின் காலகோ, போட்டோ என்னும் இரவு விலங்குகளும், தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் தேவாங்குகளும் மற்றொரு கிளையினர். ஆகவே தேவாங்குக்குக் குரங்கைவிட லெமூரே நெருங்கிய பங்காளி.

இந்த உறவை உடலிலேயே காணலாம். இரண்டுக்கும் மூக்குநுனி நாயின் மூக்கைப் போல ஈரமாக இருக்கும். கீழ்த்தாடையின் முன்பற்கள் நெருக்கமாக முன்னோக்கிச் சாய்ந்து, மயிர் கோதும் சீப்பாகப் பயன்படும். மற்ற விரல்களில் நமக்கு உள்ளது போன்ற தட்டை நகம் இருக்க, காலின் இரண்டாம் விரலில் மட்டும் சொறிவதற்கான கூர்நகம் இருக்கும் (மடகாஸ்கரின் ஐ-ஐ என்னும் லெமூர் பல்லிலும் நகத்திலும் விதிவிலக்கு). நம் கிளையினர் இழந்துவிட்ட ஒரு திறனும் இவற்றிடம் எஞ்சியிருக்கிறது: வைட்டமின் சி சத்தை இவை உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும், நாமோ நெல்லிக்காயையும் எலுமிச்சையையும் நாட வேண்டியிருக்கிறது. இத்தகைய உயிரின் பெயர் வசைச்சொல் ஆனது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: லெமூர் என்ற விலங்கின் பெயரால்தான் லெமூரியாக் கண்டம் அழைக்கப்படுகிறது என்கிறார்களே, உண்மையா? அக்கண்டம் இருந்ததா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: பெயர்த் தொடர்பு உண்மை. மடகாஸ்கரில் லெமூர்கள் நிறைந்திருக்க, அவற்றின் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும், கடல் கடந்து இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று வியந்த ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதி, 1864ஆம் ஆண்டில் அதற்கு ‘லெமூரியா’ என்று பெயரிட்டார். அதாவது, அந்தப் பெயர் பிறந்ததில் நம் தேவாங்குக்கும் பங்கு உண்டு. இன்னும் சொன்னால், ‘லெமூர்’ என்ற சொல்லே முதலில் தேவாங்குக்குத்தான் வழங்கப்பட்டது. சுவீடன் மன்னரின் விலங்குச் சேகரிப்பை 1754இல் விவரித்த இயற்கையியலாளர் லின்னேயஸ், இரவில் மெல்ல நடமாடும் தேவாங்குக்கு, இரவில் அலையும் ஆவிகளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரைச் சூட்டினார். மடகாஸ்கர் விலங்குகளுக்கே அது உரியதானது பிற்காலத்தில்.

ஸ்கிளேட்டரின் கேள்வி சிறந்த கேள்வி. கண்டங்கள் நகரும் என்பதை அறியாத காலத்தில், நிலம் மூழ்கியது என்பதைத் தவிர வேறு விளக்கம் தேடுவதும் கடினம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நிலத்தட்டுகளின் நகர்வு நிறுவப்பட்ட பின், அவர் சொன்ன விடை நிற்கவில்லை. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் பிரிந்தது. லெமூர்களின் மூதாதையர் அங்கே சென்று சேர்ந்ததோ ஏறத்தாழ ஐந்து, ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படியானால் அவை கடலைக் கடந்தே சென்றிருக்க வேண்டும். பெருமழையில் ஆற்றங்கரை இடிந்து, மரங்களும் கொடிகளும் பின்னிக்கிடக்கும் திட்டாகக் கடலில் மிதந்து செல்லும்போது, மரப்பொந்தில் உறங்கிய சிறு விலங்குகள் அதனுடன் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் அகலமுள்ள மொசாம்பிக் கால்வாயைக் கடந்திருக்கலாம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இப்போது அக்கால்வாயின் நீரோட்டம் இப்பயணத்துக்கு உதவுவதாக இல்லை. ஆனால் அக்காலத்தில் மடகாஸ்கர் இன்னும் தெற்கே இருந்தபோது நீரோட்டம் அதனை நோக்கிப் பாய்ந்திருக்கும் என்று 2010இல் வெளியான கணினிவழி ஆய்வு ஒன்று காட்டியது.

தேவாங்கின் வழி வேறு. அதன் கிளையைச் சேர்ந்த மிகப் பழைய புதைபடிவங்கள் எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்துள்ளன. அங்கிருந்து ஆசியாவுக்குப் பரவிய மரபின் எச்சங்கள் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் பாறைகளிலும் காணப்படுகின்றன. ஆக, லெமூரும் தேவாங்கும் ஆப்பிரிக்க மூதாதையரிடமிருந்து இரு திசைகளில் பிரிந்து சென்றவை. இடையில் மூழ்கிய கண்டம் தேவையில்லை. நம் பழைய இலக்கியம் கூறும் கடல்கோள் வேறு செய்தி. பனியுகம் முடிந்தபின் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்து உலகெங்கும் கரையோர நிலங்கள் மூழ்கியது மெய். அதற்கும் கோடி ஆண்டுக் கணக்கிலான லெமூர்களின் வரலாற்றுக்கும் தொடர்பு இல்லை.

கேள்வி: தேவாங்கு ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது? லெமூரும் அப்படித்தானா? (வாசகர், கரூர்)

பதில்: பூச்சிகளை ஓசையின்றி நெருங்கிப் பிடிப்பதற்கும், தன்னை வேட்டையாடுவோர் கண்ணில் படாதிருப்பதற்கும் மெதுவான நடையே துணை. தேவாங்குகள் தாவுவதில்லை, கிளையைக் கையாலும் காலாலும் மாறி மாறிப் பற்றியே செல்லும். சுட்டுவிரல் குறுகியிருப்பதால் அந்தப் பிடி குறடு போல அகன்று இறுகும். கைகால்களில் இரத்தக்குழாய்கள் மெல்லிய இழைகளாகப் பிரிந்து வலையாக அமைந்திருப்பதும், நெடுநேரம் பற்றியிருக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. இரவில் விளக்கொளி பட்டதும் அதன் கண்கள் மின்னுவது, விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்புவதால்.

லெமூர்களில் சிஃபாகா போன்றவை மரத்துக்கு மரம் பாய்பவை. மிகச் சிறிய எலி லெமூர் ஏறத்தாழ 30 கிராம். அழிந்துபோன ஒன்றோ கொரில்லா அளவுக்கு இருந்தது. கொழுத்த வால் கொண்ட குள்ள லெமூர் வாலில் கொழுப்பைச் சேர்த்துவைத்து, ஆண்டில் ஏழு மாதம் வரை மரப்பொந்தில் உறங்கும்.

கேள்வி: தேவாங்கின் உடலுறுப்புகளில் மருந்துக் குணம் உண்டா? (வாசகர், மணப்பாறை)

பதில்: இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களையும் மாந்திரீகத்துக்குப் பிடிப்பவர்களையும் நம்ப வேண்டாம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுவே. ஐந்து மாதத்துக்கும் மேல் சுமந்து ஒன்று அல்லது இரண்டு குட்டிகளையே ஈனும் விலங்காதலால், சாலையில் அடிபட்டோ மின்கம்பியில் சிக்கியோ ஒரு தாய் இறந்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.