பிடி அரிசிக் காணிக்கை: வாசகர் கேள்வி

கேள்வி: எங்கள் சபையில் பிடி அரிசிக் காணிக்கையை மீண்டும் தொடங்குகிறோம். முன்பு வண்டு விழுந்து, அரிசி வீணாகி நின்றுபோனது. எப்படி நடத்தலாம்?

பதில்: மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் இது நடக்கிறது. சமைக்க அளந்த அரிசியிலிருந்து, உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைப்பார்கள். வாரந்தோறும் திரட்டி விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். மீந்ததை அல்ல, முதலில் எடுப்பதுதான் இதன் உயிர். பழைய ரேஷன் அரிசியைத் தள்ளிவிடும் இடமாக விடாதீர்கள்.

பிடிக்கு 40 கிராம், தினம் இருவேளை என்றால் மாதம் ஒரு வீட்டிலிருந்து சுமார் 2.4 கிலோ வரும். அரிசியைக் களைவதற்கு முன்பே, உலர்ந்த கையால் எடுக்க வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சை. வண்டுக்கு முக்கியக் காரணம் நாள்பட வைப்பது. வாரம் ஒருமுறை வாங்கிவிடுங்கள். டப்பாவில் காய்ந்த மிளகாய் நாலைந்து போடலாம்.

பச்சரிசியையும் புழுங்கலையும் கலக்காதீர்கள். ஒன்று குழையும்போது மற்றது வேகாது. வாங்கும் வீட்டுக்குத்தான் சங்கடம். இரண்டு டிரம் வையுங்கள். கொடுத்தவர் பெயர், அளவு எதையும் அறிவிப்புப் பலகையில் போடவேண்டாம் (மத்தேயு 6:3).