போர்ப் புகைப்படங்கள் உண்மையிலேயே மக்கள் மனதை மாற்றுமா?

மாற்றும். இதற்கு வியட்நாம் வரைக்கும் போக வேண்டாம், 2013-ல் சேலத்திலேயே நான் பார்த்தேன்.

இலங்கைப் போரில் விடுதலைப் புலிகளின் தலைவராக இருந்த பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனுக்கு வயது 12. மார்பில் குண்டுக் காயங்களோடு அவன் உடல் கிடப்பதை பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2012 மார்ச்சிலேயே காட்டிவிட்டது. பார்த்தோம், கொதித்தோம், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அடுத்த பிப்ரவரியில் இன்னொரு படம் வந்தது. அதில் அவன் உயிரோடு இருக்கிறான். மணல் மூட்டை அடுக்கிய பதுங்குகுழியில், சட்டையில்லாமல், தோளில் ஒரு துணியோடு உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் அந்தப் படம்தான் தமிழ்நாட்டை உலுக்கியது.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில், அரசியல் பேச்சு எடுத்தாலே "வேற பேசுங்கப்பா" என்று சொல்லும் அண்ணன், பேப்பரிலிருந்து அதை வெட்டி பன் வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்தார். ஏண்ணா என்று கேட்டேன். "திங்கக் குடுத்துட்டு சுட்டிருக்கானுங்களேப்பா" என்றார். இலங்கை ராணுவம் மறுத்தது, ஆனால் அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களிடம் அந்த மறுப்பு எடுபடவே இல்லை.

மார்ச்சில் சென்னை லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், சில நாட்களிலேயே அது மாநிலம் முழுக்கப் பரவி கல்லூரிகளையே அரசு மூட வேண்டி வந்தது. 19-ம் தேதி திமுக மத்தியக் கூட்டணியை விட்டு வெளியேறியது, 27-ம் தேதி தமிழீழத்துக்குப் பொதுவாக்கெடுப்பு கேட்டு சட்டமன்றத்தில் தீர்மானம். ஒரு படம் மட்டுமே இத்தனையும் செய்தது என்று சொல்ல மாட்டேன், ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை மீதான தீர்மானமும் அதே மாதம்தான் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆனால் கட்சி எதிலும் இல்லாத பிள்ளைகள் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்ததற்கு அந்தப் பையனின் முகம்தான் காரணம்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது, இந்தப் படம் வந்தது கிட்டத்தட்ட நான்கு வருடம் கழித்து. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களே வட இலங்கையில் போர் நடந்த வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், வெளிப் பத்திரிகையாளர்களைச் சண்டை நடக்கும் பக்கம் விடவே இல்லை. வந்த கொஞ்சநஞ்சப் படங்களையும் புலிகளின் பிரச்சாரம் என்று தள்ளிவிட முடிந்தது. நம் சேலம் மாவட்டத்துக் குறுக்குப்பட்டி முகாமில் இருக்கும் அகதிகளும் அந்த மாதங்களில் போனையும் ரேடியோவையும் நம்பித்தானே இருந்திருப்பார்கள்!

வியட்நாமில் நாபாம் என்ற தீக்குண்டில் வெந்து ஓடிவந்த ஒன்பது வயது கிம் ஃபுக்கின் படத்தை 1972 ஜூனில் எடுத்த வேகத்தில் உலகமே பார்த்தது. அதுதான் போரை நிறுத்தியது என்று பலர் எழுதுகிறார்கள், அது மிகை. அமெரிக்கப் படைகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டது. அதைவிட 1969 நவம்பரில் வெளிவந்த, வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர்மக்களைக் கொன்ற படுகொலையின் படங்கள் பெரிய அடி என்பேன், எடுத்தவர் அமெரிக்க ராணுவத்தின் சொந்தப் புகைப்படக்காரர். அதை எதிரியின் பிரச்சாரம் என்று யாரும் சுலபமாக ஒதுக்க முடியவில்லை.