வாசகர் கேள்வி – பதில்: விஸ்லர் சைக்கிள் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கோடை வந்தாலே இந்தப் பகுதிக்கு, கனடாவில் வான்கூவருக்கு வடக்கே விஸ்லர் மலையூரில் நடக்கும் மலைச் சைக்கிள் திருவிழாவான கிராங்க்வொர்க்ஸ் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. விஸ்லரில் நடக்கும் கிராங்க்வொர்க்ஸுக்கு ஒரு சனி, ஞாயிறாவது கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறான். யூடியூபில் பார்த்தேன், சைக்கிளோடு தலைகீழாகப் பல்டி அடிக்கிறார்கள். நேரில் பார்த்துவிட்டு வந்து இவனும் அப்படிச் செய்யப் போய் கையைக் காலை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது? – ஒரு தாய், சர்ரே

கூட்டிப் போங்கள் அம்மா. உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் அந்தப் பயத்துக்காகவே கூட்டிப் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். போனில் அவன் பார்ப்பது ரைடர் கிளம்பிப் பறந்து இறங்கும் அரை நிமிடம் மட்டும்தான். அதற்கு முன்னால் நடக்கும் எதுவும் அதில் வராது. போட்டிக்கு முந்தின பயிற்சி நேரத்தில் போய் வேலியோரம் நில்லுங்கள். உலகத்திலேயே முதல் வரிசையில் இருக்கும் ஒரு ரைடர் மேலிருந்து வேகமாக வருவார், ஜம்ப்பின் விளிம்புவரை வந்து பிரேக் பிடித்து நின்றுவிடுவார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே ஏறுவார், மறுபடி அதையே செய்வார். இந்த ஜம்ப்புக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று உடம்புக்குப் பிடிபடும்வரை அவர் குதிக்க மாட்டார். காற்று அடித்தால் தொடக்க மேடையில் எல்லோரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஓரத்தில் கட்டியிருக்கும் துணிப் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான பேர் கீழே காத்திருக்கிறார்களே என்று யாரும் அவசரப்படுவதில்லை. அந்தப் பொறுமையை உங்கள் மகன் தன் கண்ணால் பார்க்கட்டும்.

அந்தப் பல்டியும் மண்ணில் முதலில் அடித்ததில்லை. பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியில் பழகி, அப்புறம் காற்றடைத்த பெரிய மெத்தையில் பழகி, அதில் ஓயாமல் செய்து பார்த்த பிறகுதான் மண்ணுக்கு வருகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த எமில் யோஹான்சன் உடல்நலக் கோளாறால் சைக்கிளைவிட்டே விலகியிருக்க வேண்டிய நிலைக்குப் போனவர். திரும்பி வந்து ஸ்லோப்ஸ்டைல் போட்டிகளை, அதாவது சரிவில் அடுத்தடுத்த ஜம்ப்புகளில் பறந்து வித்தை காட்டி நடுவர்களிடம் மதிப்பெண் வாங்கும் போட்டிகளை, வரிசையாக ஜெயித்தார். வலது பக்கம் சுழல்வது கைவந்த ரைடருக்கு இடது பக்கம் சுழல்வது புதிதாகக் கற்பதற்குச் சமம். அவர் இரண்டு பக்கமும் ஒரே சுத்தத்தோடு செய்வார், நடுவர்கள் அதற்குத் தனி மதிப்பே கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலகையும் செங்கல்லும் வைத்து ஜம்ப் கட்ட மட்டும் விடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் பம்ப் டிராக் இருந்தால் அங்கே விடுங்கள். மேடும் பள்ளமுமாக வளைந்து போகும் சிறு பாதை அது. பெடல் மிதிக்காமல், ஊஞ்சலில் நின்று உந்துகிற மாதிரி கையாலும் காலாலும் அழுத்தியே வேகம் எடுக்க வேண்டும். பின்னால் வரும் எல்லா ஜம்ப்புக்கும் அடிப்படை அதுதான். முகத்தையும் மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் நீங்கள் எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும் தப்பில்லை.

எனக்கு இரண்டு நாள்தான் லீவு. எதை விடாமல் பார்க்க வேண்டும்? – வாசகர், பர்னபி

விழா ஏறக்குறைய பத்து நாள், ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும். தேதியும் நிகழ்ச்சி நிரலும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வார இறுதியைப் பிடித்தால் பெரிய போட்டிகள் கிடைக்கும்.

எல்லோரும் ஓடுவது ரெட்புல் ஜாய்ரைடு என்கிற ஸ்லோப்ஸ்டைல் போட்டிக்கு. இந்தப் பெயரில் 2011இல் நடந்த முதல் போட்டியை ஜெயித்தவர் பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே வளர்ந்த பிராண்டன் செமெனுக், அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு இதில் தனிப் பெருமை. மலையடிவாரத்தில் போன்யார்ட் என்கிற சரிவில் நடக்கும். ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் நல்லது கணக்கில் சேரும். சரிவில் நின்று பார்க்கக் காசு வேண்டாம், ஆனால் சீக்கிரம் போகாவிட்டால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

என்னைக் கேட்டால் டூயல் ஸ்லாலமை விடாதீர்கள் என்பேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், அப்புறம் பாதையை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டுவார்கள். விதி எதுவும் தெரியாதவருக்கும் யார் முந்துகிறார் என்று பார்த்தாலே புரிந்துவிடும். குழந்தைகள் சட்டென்று ஒன்றிப்போவது இதில்தான்.

மலைமேலிருந்து யார் வேகமாக இறங்குகிறார் என்று பார்க்கும் டவுன்ஹில் பந்தயத்துக்கு முடிவுக்கோட்டில் நிற்காதீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்க ஏறி, மரங்களுக்குள் வேர் நிறைந்த ஒரு திருப்பத்தில் நில்லுங்கள். ஒவ்வொருவராக வருவார்கள். ஆள் கண்ணில் படுமுன் டயர் வேரில் அடிபடும் சத்தம் கேட்கும், அடுத்த நொடி கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போய்விடுவார். புழுதி முகத்தில் படியும். முன்சக்கரம் ஒரு பக்கம் வழுக்க, உடம்பை மறுபக்கம் சாய்த்து அவர் அதைச் சமாளிப்பதை அங்கே நின்றால்தான் பார்க்க முடியும். டிவியில் எல்லாம் சரிவே இல்லாத பாதை மாதிரி தெரியும். நேரில் அதன் செங்குத்தைப் பார்த்தால் நடந்து இறங்கவே தயங்குவீர்கள்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் சைக்கிளும் நொறுங்குவதில்லை, ஆளும் எழுந்து போகிறார். எப்படி? – பொறியியல் மாணவர், வான்கூவர்

நல்ல கேள்வி. 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் கீழே வரும்போது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சமதரையில் இறங்கினால் அந்த வேகம் முழுவதையும் மணிக்கட்டும் கணுக்காலும் வாங்க வேண்டும். அதனால்தான் இறங்கும் மண்மேட்டைச் சரிவாகக் கட்டுகிறார்கள், அதுவும் ரைடர் பறந்து வரும் பாதையின் சாய்வுக்கு ஒத்த சரிவாக. அப்போது வேகத்தில் பெரும்பகுதி சரிவை ஒட்டியே முன்னால் போய்விடும், மண்ணை நேராகக் குத்துவது சிறு பகுதிதான். சரியாக இறங்கினால் சத்தமே வராது, கவனித்துப் பாருங்கள். வேகம் குறைந்து சரிவின் தலைப்பில் பின்சக்கரம் இடித்தால் டம்மென்று கேட்கும், கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாராட்டெல்லாம் ரைடருக்குப் போகிறது, ஆனால் உயிரைக் காப்பது அந்த மேட்டைக் கட்டியவர்கள். மண்ணில் களிமண் கூடினால் மழையில் சறுக்கும், குறைந்தால் வெயிலில் பொடிந்துவிடும். தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, விளிம்பை இழைத்து, காய்ந்ததும் மறுபடி தெளித்து என்று போட்டி நடக்கும் நாளிலும் அந்த வேலை ஓய்வதில்லை. மண்மேடு கட்டி அதில் குதித்துப் பறக்கும் டர்ட் ஜம்ப் ஆட்களிடம் உலகம் முழுக்க ஒரே சட்டம்தான்: தோண்டாதவன் ஓட்டக் கூடாது. அந்தச் சட்டத்துக்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

மகனுக்கு டர்ட் ஜம்ப் சைக்கிள் வாங்கப் போகிறேன். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உள்ள விலை உயர்ந்ததையே வாங்கிவிடலாமா? – ஒரு தந்தை, கோக்விட்லம்

வேண்டாம். டர்ட் ஜம்ப்புக்குப் பின்பக்க ஷாக் இல்லாத சைக்கிள்தான் நல்லது. ஷாக் இருந்தால் ஜம்ப்பில் ஏறும்போது கொடுக்கும் உந்துதலை அது விழுங்கிவிடும், கற்றுக்கொள்பவனுக்குத் தன் தவறும் தெரியாது. ஒரே கியர், 26 அங்குலச் சக்கரம், தாழ்ந்த சீட், முன்சக்கரத்தைத் தாங்கி 100 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கும் கெட்டியான போர்க், இவ்வளவு போதும். பழையது வாங்கினால் பிரேமில் வெல்டிங் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு நல்ல ஹெல்மெட்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா? – கல்லூரி மாணவி, விக்டோரியா

நிச்சயமாக உண்டு, ஆனால் அந்த இடம் தாமதமாகத்தான் கிடைத்தது. டவுன்ஹில்லில் பெண்கள் நீண்ட காலமாகவே ஓட்டுகிறார்கள். ஸ்லோப்ஸ்டைலில் மட்டும் 2024இல்தான் கிராங்க்வொர்க்ஸ் தொடரில் பெண்களுக்குத் தனிப் பிரிவு வந்தது. அதே வருடம் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் செங்குத்துப் பாறைகளில் சைக்கிளோடு இறங்கும் ரெட்புல் ராம்பேஜ் போட்டியிலும் முதல்முறையாகப் பெண்கள் இறங்கினார்கள், ஜெயித்தவர் நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ். முன்பு ராணுவத்தில் இருந்தவர். அந்தச் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே பல்டியும் அடித்தார். இவ்வளவு திறமையை ஓரத்தில் நிற்க வைத்த வருடங்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தங்குவது, சாப்பாடு பற்றிச் சொல்லுங்களேன். – வாசகி, ரிச்மண்ட்

விழா நேரத்தில் விஸ்லரில் அறை வாடகை எகிறிவிடும். வான்கூவரிலிருந்து 120 கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம், இல்லையென்றால் பாதி வழியில் ஸ்குவாமிஷில் தங்கலாம். ஞாயிறு மாலை 99ஆம் நெடுஞ்சாலை நெரிசலாக இருக்கும், அவசரமில்லை என்றால் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு இறங்குங்கள். புளியோதரை, இடியப்பம் என்று கட்டிக்கொண்டு போனால் செலவு மிச்சம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், அந்தச் சரிவில் நிழல் கிடையாது. சில வருடம் காட்டுத்தீப் புகை வரும், ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மறக்க வேண்டாம். அப்புறம், மிச்சச் சாப்பாட்டைக் காரிலோ புல்வெளியிலோ விட்டுவிடாதீர்கள், அங்கே கருங்கரடிகள் நடமாட்டம் உண்டு, மனிதர் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைச் சுட்டுக்கொல்ல வேண்டிய நிலைகூட வரும். கரடி திறக்க முடியாதபடி பூட்டு வைத்த குப்பைத்தொட்டிகள் இருக்கும், அதில் போட்டு மூடியைச் சரியாகச் சாத்துங்கள்.