'லுக் ஃபார்வர்ட் டு': அந்த 'டு'வுக்குப் பின்னால் என்ன வரும்?

கேள்வி: வேலைக்கு அனுப்பிய மின்னஞ்சலை 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' (உங்கள் பதிலை ஆவலோடு எதிர்நோக்குகிறேன்) என்று முடித்தேன். 'ஹியரிங்' என்று வர வேண்டுமாமே?

பதில்: ஆமாம், 'ஹியரிங்'தான். ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை பார்க்கிறது. 'ஐ வான்ட் டு கோ'வில் வருவது வினைக்கு முன் ஒட்டும் 'டு'. பள்ளியில் நாம் உருப்போட்டது இதைத்தான். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பதோ நம் வேற்றுமை உருபைப் போன்றது; அதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். வினை வந்தால் அதை 'ஹியரிங்', 'மீட்டிங்' என்று தொழிற்பெயராக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' சரியாக நிற்கும். 'ஐ வான்ட் டு இட்' நிற்காது. நின்றால் 'ஐஎன்ஜி' சேருங்கள்.

நாம் தடுக்கி விழுவதற்குத் தமிழும் ஒரு காரணம். 'சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு எழுதினால் கை தானாக 'டு மீட்' என்று போகும். 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்று நினைத்தால் 'டு மீட்டிங்' வந்துவிடும்.

கேள்வி: 'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை' சரியா?

பதில்: தவறு. 'வெயிட்டிங் ஃபார்' என்பதிலிருந்து ஒட்டிக்கொண்ட 'ஃபார்' அது. 'டு யுவர் ரிப்ளை' என்று எழுதுங்கள். பெயர்ச்சொல்லே இருப்பதால் இங்கே 'ஐஎன்ஜி' வேண்டாம்.

கேள்வி: இந்த வம்பே வேண்டாமென்று 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று போட்டால்?

பதில்: இலக்கணம் சரி, தொனி சரியில்லை. தமிழில் 'எதிர்பார்க்கிறேன்' ஆவலையும் சொல்லும், அதிகாரத்தையும் சொல்லும். ஆங்கில 'எக்ஸ்பெக்ட்' இந்த இடத்தில் 'பதில் வந்தாக வேண்டும்' என்று ஒலிக்கும். கடன் பாக்கி கேட்கும் கடிதத்துக்கு அது பொருந்தலாம், வேலை கேட்கும் கடிதத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: 'ஐ லுக்', 'ஐ ஆம் லுக்கிங்', வெறும் 'லுக்கிங்': எதைப் போடுவது?

பதில்: அலுவல் கடிதத்துக்கு முதலாவது, பழகியவருக்கு இரண்டாவது. மூன்றாவது வாட்ஸ்அப்புக்குப் போதும்.

கேள்வி: 'என்னை நேர்காணல் செய்வதை' என்று சொல்ல 'டு பீ இன்டர்வியூட்' என்று எழுதலாமா?

பதில்: 'டு பீயிங் இன்டர்வியூட்'. செயப்பாட்டு வினையிலும் விதி அதேதான். 'நீங்கள் எங்களோடு சேர்வதை' என்றால் 'டு யுவர் ஜாய்னிங் அஸ்'. பேச்சு வழக்கில் 'யூ ஜாய்னிங்' என்பதும் செல்லும்.

கேள்வி: இந்த 'டு' வேறு எங்கெல்லாம் வரும்?

பதில்: 'ஆப்ஜெக்ட் டு' (ஆட்சேபிப்பது), 'அக்கஸ்டம்ட் டு' (பழகிப்போனது), 'வித் எ வியூ டு' (நோக்கத்தோடு) மூன்றிலும் 'ஐஎன்ஜி'தான். கவனமாக இருக்க வேண்டியது 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பெல்லாம் ஓட்டுவேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிப்பவர் முதலாவதை எழுதினால் கதை முடிந்தது.

கேள்வி: துக்கம் விசாரிக்கப் போகிறேன். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ' என்று செய்தி அனுப்பலாமா?

பதில்: கூடாது. அந்தத் தொடரில் மகிழ்ச்சி கலந்திருக்கிறது. 'ஐ வில் கம் அண்ட் சீ யூ டுமாரோ' போதும்.