தாலி கட்டிய நாளில் இருந்து எண்ணுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, மகனுக்கு டல்லாஸில் எச்-1பி வேலை. போன மாதம் அம்பாசமுத்திரத்தில் வைத்துக் கல்யாணத்தை முடித்தோம். பத்தே நாளில் அவன் கிளம்பிவிட்டான், மருமகள் எச்-4 விசாவுக்குக் காத்திருக்கிறாள், இன்னும் ரெண்டு மாதமாவது ஆகும் போல. அவளுக்குத் தைராய்டு உண்டு, தினம் மாத்திரை. இன்சூரன்ஸ் என்னடே ஆச்சு என்று கேட்டால், "அவ வந்து இறங்கட்டும்ப்பா, அப்புறம் சேத்துக்கிடலாம்" என்கிறான். என் சம்சாரமோ, தைராய்டு விஷயத்தை மூச்சு விடக்கூடாது, தெரிந்தால் இன்சூரன்ஸ் தரமாட்டார்கள் என்கிறாள். எது சரி?
— ஒரு தகப்பனார், அம்பாசமுத்திரம்

பதில்: ரெண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கடிதம் கைக்கு வந்தபோது கல்யாணம் முடிந்து 22 நாள் ஆகியிருந்ததால் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக.

அமெரிக்காவில் கம்பெனி இன்சூரன்ஸில் நினைத்த நேரத்தில் ஆளைச் சேர்க்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில் கதவைத் திறப்பார்கள், அப்போது சேர்த்தால் ஜனவரியில் இருந்து செல்லும். நடுவில் திறக்க வேண்டுமானால் கல்யாணம், குழந்தை பிறப்பு, ஏற்கெனவே இருந்த இன்சூரன்ஸ் போய்விட்டது என்று ஏதாவது காரணம் வேண்டும். கல்யாணத்துக்கு அந்த ஊர்ச் சட்டம் தரச் சொல்வது குறைந்தது 30 நாள். அந்த 30 நாளைச் சட்டப்படி எண்ணுவது விமானம் இறங்கிய தேதியில் இருந்து இல்லை, தாலி கட்டிய தேதியில் இருந்துதான். நம் பையன்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டரில் ஆயிரம் வேலை செய்கிறவனுக்கு இந்தக் கணக்கு மட்டும் மண்டையில் ஏறாது.

என் வீட்டிலேயே நடந்ததால் சொல்கிறேன். என் மகளுக்கு மே மாதம் கல்யாணம், செப்டம்பரில்தான் நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தாள். மாப்பிள்ளை மறுநாளே எச்.ஆரிடம் போய்க் கேட்டிருக்கிறார். கல்யாணம் மே மாதமா, அப்படியென்றால் ஜனவரிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும், சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கென்று விற்கிற விசிட்டர் இன்சூரன்ஸ் என்று ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நவம்பரில் ஒரு ராத்திரி வயிற்றுவலி, எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பித்தப்பையில் கல். அந்த இன்சூரன்ஸ்காரன் இது பழைய வியாதி, பாளையங்கோட்டை டாக்டரிடம் பார்த்த சீட்டெல்லாம் அனுப்பு என்று ஏழு மாதம் இழுத்தடித்துப் பாதிப் பணம் கொடுத்தான். மீதியை மாப்பிள்ளை தவணை போட்டுக் கட்டினார். ஒரு வார்த்தை என்னிடம் குறைபட்டுக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது உங்கள் மகன் செய்ய வேண்டியது, 30 நாள் முடிவதற்குள் மனைவியைச் சேர்க்கச் சொல்லி எச்.ஆருக்கு எழுத்தில் கொடுப்பது. வாய்ப்பேச்சு வேண்டாம், மெயிலாக இருக்கட்டும். மனைவி இன்னும் இந்தியாவில் இருக்கிறாள், சேர்க்கலாமா என்பதையும் அதிலேயே கேட்கட்டும், நிறைய கம்பெனிகள் சேர்த்துக்கொள்ளும். அவள் அம்பையில் இருக்கும்போது ரெண்டு மாத பிரீமியம் தண்டம்தானே என்பான். தண்டம்தான். ஆனால் என் மாப்பிள்ளை கட்டிய தண்டத்தோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லையே என்று தயங்க வேண்டாம், எச்-4-இல் போகிறவர்களுக்குப் பொதுவாக அது கிடைக்காது, அது இல்லாமலே சேர்க்க வழி உண்டா என்று அதே மெயிலில் கேட்டுவிடலாம்.

கல்யாணச் சான்றிதழ் கேட்பார்கள். 2009-ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். 90 நாள் இருக்கிறதே, மறுவீடு, விருந்தெல்லாம் முடியட்டும் என்று நாம் இருந்துவிடுகிறோம். அங்கே இருப்பது 30 நாள்தான், அதுவும் பாதி விருந்திலேயே போய்விடும். மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போய்விட வேண்டும், அவன் விமானம் ஏறியபிறகு கையெழுத்துக்கு எங்கே போவீர்கள்? சான்றிதழ் கைக்கு வரத் தாமதமானாலும் இன்சூரன்ஸில் சேர்க்கும் விண்ணப்பத்தை அந்த 30 நாளுக்குள் போட்டுவிட்டு, காகிதத்துக்கு அவகாசம் கேட்கலாம்.

நாள் தவறிப்போனவர்களுக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்து குடியேறுவதையே ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு, அரசாங்கத்தின் மார்க்கெட்பிளேசில் வந்த நாளில் இருந்து 60 நாளுக்குள் தனி இன்சூரன்ஸ் வாங்கலாம். டெக்சாஸ்காரர்களுக்கு அது ஹெல்த்கேர்.கவ் தளம், எச்-4 விசாக்காரர்களும் வாங்கலாம். மானியம் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், கணவனின் கம்பெனி கட்டுப்படியாகிற விலையில் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் தருகிறதென்றால் மானியம் கிடையாது. வாங்கினாலும் அநேகமாக அடுத்த மாதம் ஒன்றாம் தேதியில் இருந்துதான் செல்லும், அந்த இடைவெளிக்கு வேண்டுமானால் விசிட்டர் இன்சூரன்ஸ். என் மகளுக்கும் இந்த 60 நாள் இருந்தது, எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அப்புறம் தைராய்டு. உங்கள் சம்சாரம் பயப்படுவது நம் ஊர்ப் பாலிசியை வைத்து. இங்கே, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம், அதனால் அந்தப் பயம் நியாயமானதே. அங்கே 2014 முதல், கம்பெனி இன்சூரன்ஸானாலும் மார்க்கெட்பிளேசில் வாங்குவதானாலும், ஏற்கெனவே வியாதி இருக்கிறது என்று ஆளை ஒதுக்கவோ அதற்குப் பணம் தரமாட்டேன் என்று சொல்லவோ முடியாது. மறைக்க ஒன்றுமே இல்லை. விசிட்டர் இன்சூரன்ஸ் மட்டும் இதில் சேராது, பழைய வியாதியைக் கண்டால் அவன் ஓடியே போவான், பிரசவத்துக்கும் அநேகமாகத் தரமாட்டான். மருமகள் கிளம்பும்போது மூன்று மாதத்துக்கு மாத்திரையும் டாக்டர் சீட்டும் கையில் இருக்கட்டும். இங்கே அவள் பேரில் பாலிசி இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அது வெளிநாட்டில் செல்லாது என்றாலும் நாளைக்குத் திரும்பி வந்தால் அந்த 36 மாதத்தை மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டாம்.

இன்னும் ஒன்று. டிடக்டிபிள் என்று ஒரு தொகை உண்டு, அவ்வளவு வரைக்கும் நம் கைப்பணம், அதற்குமேல்தான் இன்சூரன்ஸ் வரும். நிறைய பிளான்களில் அது ஜனவரி ஒன்றாம் தேதி மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். மருமகள் டிசம்பரில் போய் இறங்கினால், அவசரமில்லாத ஸ்கேனை ஜனவரிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளை நிக்காஹ் முடித்து துபாய்க்கு அனுப்புகிறோம். மாப்பிள்ளைக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது, அதில் மகளும் அடக்கம்தானே?
— ஒரு தாய், கடையநல்லூர்

பதில்: இல்லைம்மா. துபாய்ச் சட்டப்படி கம்பெனியின் கடமை வேலைக்காரரோடு முடிந்துவிடும். மனைவிக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியது விசா ஸ்பான்சர் செய்கிறவர், அதாவது உங்கள் மாப்பிள்ளை. சில கம்பெனிகள் குடும்பத்தையும் சேர்க்கும், அது அவர்கள் விருப்பம். எடுக்கும்போது பிரசவத்துக்கு எவ்வளவு தருகிறார்கள், எந்தெந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்ற ரெண்டையும் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் கணவரிடம் போக மகளுக்கு விசா போடுகிறோம். விசா கட்டணம் போக ஆஸ்பத்திரிக்கென்று மூவாயிரம் பவுண்டுக்கு மேல் கேட்கிறது. ஏஜென்ட் ஏமாற்றுகிறாரோ?
— ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: ஏஜென்ட் பாவம், அவரை விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, 2024 பிப்ரவரியில் இருந்து இதுதான் கணக்கு. கணவன்-மனைவி விசா 33 மாதத்துக்கு என்பதால் மூன்று வருஷமாகக் கணக்கிட்டு 3,105 பவுண்டை முன்னாலேயே வாங்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாகப் போன நாளில் இருந்தே அந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரி உங்கள் மகளுக்கும் உண்டு, பிரசவம் உள்பட, தனி இன்சூரன்ஸ் தேவையில்லை. போய் இறங்கிய வாரமே வீட்டுப் பக்கத்து ஜிபி என்கிற குடும்ப டாக்டரிடம் பேரைப் பதிந்துகொள்ளட்டும். மாத்திரைக்கும் பல்லுக்கும் அங்கே தனியாகக் காசு, அதனால் சொத்தைப் பல் இருந்தால் வள்ளியூரிலேயே அடைத்துவிட்டு அனுப்புங்கள். அம்பாசமுத்திரத்துக்காரரும் இதைக் கேட்டுக்கொள்ளலாம், அமெரிக்காவிலும் பல்லுக்குத் தனி இன்சூரன்ஸ்தான்.